வீட்டிலே கட்டும் விமானம்

ஆகாய விமானம் என்றால், பெரிய தொழிற்சாலையும், கோடிக் கணக்கில் முதலும், ஆயிரக்கணக்கான வல்லுநர்களும் ஒன்று சேர்ந்து உண்டாக்கும் பொருள் என்பதே நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். சென்னையிலிருந்து கப்பலேறி, மூன்று நாள் அலைகளில் ஆடி இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நாம். அதே தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்து வரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அது மனிதர் கைவேலை என்பதே நமக்கு மறந்து போகிறது.

ஆயினும், மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தி, ஒருவரோ இருவரோ அமரத்தக்க சிறு விமானத்தை, வரைபடத்தைப் பார்த்துத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடித்துப் பறந்தவர்கள் உலகில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்து வருகிறார்கள். அவர்களுள் பட்டம் பெற்ற பொறியியலாளர்களும் உண்டு. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்களும் உண்டு. இவ்விமானத்தை எவ்வாறு கட்டுகிறார்கள்? இதில் உயிருக்கு அபாயம் எங்கே ஒளிந்திருக்கிறது? நம் பிள்ளைகள் இத்தகைய முயற்சியில் இறங்கலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் உருவான விமானம்

1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் தேதி, அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தபோது அவர்கள் ஏறியது மரத்தாலும் மஸ்லின் துணியாலும் ஆன விமானமே. மிதிவண்டிக் கடை நடத்தி வந்த அவ்விருவரும் அதைத் தம் பட்டறையிலேயே கட்டினார்கள். முதற் பறப்பு 12 விநாடிகளே நீடித்தது. கடந்த தூரம் 120 அடி. 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரரான லூயி பிளெரியோ தாம் கட்டிய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அச்செய்தி உலகெங்கும் பரவி, பலருடைய உறக்கத்தைக் கெடுத்தது.

அவ்வாறு உறக்கம் இழந்தவர்களுள் ஒருவர் நம் சென்னை மாநகரில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜியாகோமோ டி'ஆஞ்செலிஸ். கார்சிகாத் தீவினரான அவர், மவுண்ட் ரோட்டில் புகழ் பெற்ற ஓட்டல் ஒன்றை நடத்தி வந்தார். விருந்தினருக்கு உணவு படைத்து வந்த அம்மனிதர், தாமே ஒரு விமானத்துக்கு உருவமைத்து, கோச்சு வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்ற சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு அதைச் செய்வித்தார். 1910 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பல்லாவரத்தில் அது மேலெழுந்தது. அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் கொண்டு சென்று உலகப் புகழ் பெற்ற நிகழ்ச்சி நடந்தது 1911 பிப்ரவரி 18 ஆம் தேதியில்தான். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே தமிழ் மண்ணில் கட்டிய விமானம் தமிழ் மண்ணிலிருந்து எழுந்துவிட்டது. வண்டிச் சக்கரமும் வண்டிக் கூண்டும் செய்து வந்த பட்டறையிலேயே இறக்கையும் செய்ய முடிந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே 1910 ஆம் ஆண்டில் மற்றொரு காரியமும் நடந்தது. பாரிஸ் நகரில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன், மூங்கிலும் பட்டுத் துணியும் கொண்டு செய்த 'டெமாய்செல்' என்னும் குட்டி விமானத்தின் வரைபடங்களை யாரிடமும் காசு கேளாமல் உலகுக்கு வழங்கினார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவற்றை அளவுகளுடன் வெளியிட்டது. வரைபடத்தைப் பார்த்து வீட்டிலே விமானம் கட்டும் வழக்கத்துக்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது.

எட்டாம் வகுப்புப் படித்தவரின் விமானம்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த பெர்னார்டு பீட்டன்போல் எட்டாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்தவர். மற்றவற்றைத் தாமே கற்றுக் கொண்டவர். விமான இயந்திரங்கள் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. எனவே, ஃபோர்டு 'மாடல் ஏ' மோட்டார் காரின் 40 குதிரைத் திறன் இயந்திரத்தையே விமானத்தில் பொருத்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1929 ஆம் ஆண்டில் அவ்வாறே கட்டிப் பறந்தும் காட்டினார். 'ஏர் கேம்பர்' என்பது அவ்விமானத்தின் பெயர். ஏறத்தாழ 29 அடி அகலமுள்ள ஒற்றை இறக்கை, முன்னும் பின்னுமாக இருவர் அமர இடம், மரச் சட்டம், துணிப் போர்வை.

கார் இயந்திரத்தைக் கொண்டு விமானம் ஓட்ட இயலாது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். பீட்டன்போல் அவருக்கு மறுப்புக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. 1930 ஆம் ஆண்டில், தாமும் நண்பர் ஒருவரும் ஆளுக்கு ஒரு விமானத்தில் ஏறி, அவ்வாசிரியர் இருந்த மினியாபொலிஸ் நகரத்துக்கே பறந்து போய் இறங்கினார்கள். அதன்பின் அந்த ஆசிரியரே அவ்விமானத்தின் வரைபடங்களைத் தம் வெளியீட்டில் அச்சிட்டார். 1984 இல் பீட்டன்போல் காலமானார். அவர் வரைந்த படங்களைக் கொண்டு இன்றும் பல நாடுகளில் மக்கள் விமானம் கட்டி வருகிறார்கள்.

கட்டும் முறை

துணி போர்த்திய விமானத்தை நம் தீவு மக்களுக்கு விளக்குவது அரிதன்று. டுங்கி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்படை எளிதில் விளங்கும். படகுக்கு முதுகெலும்பும் விலாக்களும் இருப்பதுபோலவே விமான இறக்கைக்கும் உண்டு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி ஓடும் நீண்ட கட்டைகள் இரண்டு. இவையே பளு முழுவதையும் தாங்குபவை. இவற்றுக்குக் குறுக்கே அடுக்கடுக்காக விலாக்கள் கோக்கப்படும். விலாவின் மேல்வளைவே காற்றிலிருந்து தூக்கும் விசையைப் பெற்றுத் தருவது.

ஒரு விலா என்பது கால் அங்குலக் கனமுள்ள மெல்லிய மரச் சிம்புகளை வளைத்து, மூலைக்கு மூலை ஒட்டுப்பலகைத் துண்டு வைத்துப் பசையிட்டு ஒட்டிய சிறு சட்டம். ஒரு கையால் அதைத் தூக்கி விளையாடலாம். ஏர் கேம்பருக்கு இத்தகைய விலாக்கள் இருபத்தைந்துக்கும் மேல் வேண்டும். எல்லாம் ஒரே அளவில் அமைய வேண்டும் என்பதற்காக, ஒரு பலகையின்மேல் விலாவின் உருவத்தை வரைந்து, கோட்டின் இருபுறமும் சிறு கட்டைகளை அறைந்து ஓர் அச்சு செய்து கொள்வார்கள். அவ்வச்சினுள் சிம்புகளை வைத்து ஒட்டி, பசை இறுகும் வரை அசைக்காமல் விட்டுவிட வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு விலா என்று வைத்துக் கொண்டாலும் ஒரு மாதம் கழிந்துவிடும். முழு விமானத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்புத் தேவை. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு இரண்டு ஆண்டுகள் போதா. பொறுமை இல்லாதவர் இதைத் தொடாமல் இருப்பதே நலம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் உண்டு. '1883 முதல் சாத்தம் மரம் அறுக்கும் ஆலையைக் கண்ட ஊர் நம் ஊர். இங்கே இல்லாத மரமா?' என்று நம்மவர் கேட்கலாம். நம் படாக்கு மரம் அழகும் உறுதியும் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால், காய்ந்த படாக்கு ஒரு கன மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் நிறுக்கும். விமானத்துக்கு விரும்பப்படும் ஸ்புரூஸ் மரமோ ஏறத்தாழ 430 கிலோதான். எடைக்கு எடை பார்க்கையில் வலிமை மிகுந்திருப்பதே அம்மரத்தின் சிறப்பு. அதிலும் எல்லாப் பலகையும் ஆகாது. 15 அங்குல நீளத்தில் மர இழை 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். மரத்தில் எஞ்சி நிற்கும் ஈரம் நூற்றுக்கு 8 முதல் 12 பங்குக்குள் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பொழியும் நம் தீவுகளில் இந்த ஒரு விதியைக் காப்பதே பெரும்பாடாகும்.

துணியின் வேலை

சட்டம் முடிந்த பிறகு துணி. முற்காலத்தில் அயர்லாந்து நாட்டு லினனும் பின்னர் நெருக்கமாக நெய்த பருத்தியும் பயன்பட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலைகளில் இறக்கைத் துணியைத் தைத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. தையல் இயந்திரம் இல்லாத வீடு நம் குடும்பங்களில் அரிது. ஆதலால், இப்பகுதியைத் தாய்மார்கள் நம்மைவிட நன்கு புரிந்து கொள்வார்கள்.

தலையணைக்கு உறை தைப்பதுபோல இறக்கைக்கு உறை தைத்து மாட்டுவது ஒரு முறை. மேலும் கீழும் தனித் துணிகளை விரித்து ஓரங்களில் ஒட்டுவது மற்றொரு முறை. எம்முறையாயினும், போர்த்திய பின் ஒவ்வொரு விலாவோடும் துணியைச் சேர்த்துத் தைத்தாக வேண்டும். நீண்ட ஊசியில் மெழுகிட்ட நூலைக் கோத்து, இறக்கையின் மேற்புறம் குத்திக் கீழ்ப்புறம் வாங்கி, விலாவைச் சுற்றி வந்து முடிச்சிடுவார்கள். அம்முடிச்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே மீன்பிடி வலையின் பெயரிலிருந்து வந்தது. வலை முடியும் நம் மீனவ அன்பர்களின் விரல்களுக்கு அது புதியதாக இராது. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத் துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். தையல் விட்டுப் போனால் துணி உப்பி எழும். இறக்கை தன் உருவை இழக்கும். முன்விசிறியின் காற்று வேகமாக மோதும் இடத்தில் தையலை இன்னும் நெருக்கமாக இடச் சொல்வது இதனால்தான்.

தையலின்மேல் ஓரம் பல்பல்லாக வெட்டிய பட்டை ஒட்டப்படும். அவ்வாறு வெட்டினால் ஓர நூல் பிரியாது. பருத்தித் துணியாயின் 'டோப்' என்னும் பூச்சைப் பல முறை பூசுவார்கள். அது உலரும்போது துணியைச் சுருக்கி மத்தளத் தோல்போல் விறைக்கச் செய்யும். இக்காலத்தில் பருத்தியின் இடத்தைப் பாலியெஸ்டர் துணி பிடித்துவிட்டது. அதைச் சுருக்க நாம் சட்டைக்குப் போடும் இஸ்திரிப் பெட்டியே போதும். ஆனால், அப்பெட்டியின் சூட்டை வெப்பமானி கொண்டு அளந்து வைத்துக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 120 பாகையில் தொடங்கி 175 பாகை செண்டிகிரேடு அளவில் முடிப்பது வழக்கம். அளவு மீறினால் துணி கெடும். மிகையாக இறுகிய துணி மெல்லிய மரச் சட்டத்தையே வளைத்துவிடவும் கூடும்.

துணிக்குப் பெரும் பகை வெயில். ஆகவே, வண்ணம் தீட்டுமுன் அலுமினியப் பொடி கலந்த பூச்சைப் பூசி வெயிலைத் தடுக்கிறார்கள். அடுத்த பகை உள்ளே தேங்கும் நீர். இறக்கையின் தாழ்ந்த இடங்களில் சிறு வடிதுளைகள் விடாவிடில், உள்ளே வியர்க்கும் நீர் மரத்தை உளுத்துப் போகச் செய்யும். நம் தீவுகளின் ஈரமும் கடலின் உப்புக் காற்றும் சேர்ந்தால், மரத்தோடு இரும்பும் கம்பியும் கூடச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

அபாயம் எங்கே?

இவ்வளவும் படித்தவர், 'துணி கிழிந்துவிட்டால் என்ன ஆகும்?' என்று அஞ்சலாம். கிழிந்த துணி கண்ணுக்குத் தெரியும்; தைத்துவிடலாம். பெரிய அபாயம், துணி போர்த்திய பின்பு எவர் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும் மர இணைப்புகளில் இருக்கிறது. இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு.

இரண்டாம் உலகப் போரில் 'மாஸ்கிட்டோ' என்னும் விமானம் பெரும் புகழ் பெற்றது. வீட்டில் கட்டும் சிறு விமானத்தைவிடப் பன்மடங்கு பெரிதாயினும், அதுவும் மரத்தால் ஆகி, மேலே துணி ஒட்டப் பெற்றதே. அத்துணியின் பெயர் 'மதபோலம்'. கோதாவரி ஆற்றின் கரையில், ஆந்திர நாட்டு நரசாபுரத்துக்கு அருகில், கிழக்கிந்தியக் கம்பெனியார் துணிப் பண்டகசாலை வைத்திருந்த ஊரின் பெயரே அத்துணிக்கு நிலைத்துவிட்டது. 1944 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த மாஸ்கிட்டோ விமானங்கள் சில வானிலேயே உடைந்து விழுந்தன. உயிர்கள் மாண்டன.

எல்லாரும் முதலில் பழி சுமத்தியது நம் நாட்டு வெயிலின் மீதும் மழையின் மீதும்தான். பசை கரைந்துவிட்டது என்றார்கள் சிலர். பருவ மழையில் மரம் சுருங்கி விரிந்தது என்றார்கள் வேறு சிலர். பின்னர் நடந்த விசாரணையில், கட்டும்போதே நேர்ந்த குறைகளே காரணம் என்று தெரிந்தது. இறக்கையின் பலகை நீண்ட கட்டையோடு சரியாகப் பொருந்தி ஒட்டவில்லை. பருவ மழையையே காணாமல் இங்கிலாந்திலேயே நின்றிருந்த விமானங்களிலும் அதே குறைகள் காணப்பட்டன. பெரிய தொழிற்சாலையில், பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் நடுவிலேயே இவ்வாறு நேர்ந்தது என்றால், வீட்டுக் கொட்டகையில் தனியே இரவு விளக்கொளியில் வேலை செய்பவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

இதற்கு வீட்டில் கட்டுவோர் கைக்கொள்ளும் பரிகாரம் எளியது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், விமானத்தில் ஒட்டும் அதே மரத்தில் இரண்டு துண்டுகளை அதே பசையால் ஒட்டி, தேதியிட்டு வைத்துக் கொள்வார்கள். பசை இறுகிய பின் அத்துண்டைச் சம்மட்டியால் உடைத்துப் பார்ப்பார்கள். மரம் பிளந்தால் பசை நல்லது. ஒட்டிய இடமே விட்டுப் பிரிந்தால், அன்று ஒட்டிய அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். ஒரு மாத உழைப்பைக் குப்பையில் எறிய மனம் வராதவன் விமானம் கட்டத் தகுந்தவன் அல்லன்.

இரண்டாவது பரிகாரம் பிறர் கண். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், துணி போர்த்துவதற்கு முன் அனுபவம் மிக்க மற்றொருவரை அழைத்து, ஒவ்வோர் இணைப்பையும் காட்டும் முறை வேரூன்றியிருக்கிறது. 1953 ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் வீட்டு விமானம் கட்டுவோருக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்று உலகெங்கும் கிளை பரப்பி நிற்கும் அச்சங்கத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று, உறுப்பினர் கொட்டகைக்குச் சென்று அவர் வேலையைப் பார்த்துக் குறை கூறுவது. குறை கூறுவதையே தொண்டாகக் கொண்ட சங்கம் அது!

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் என் போன்றோருக்கு இம்முறை புதியதன்று. ஒற்றைப் பாதையில், இரண்டு நிலையத்தாரும் ஒப்பினாலன்றி வண்டிக்கு 'லைன் கிளியர்' கிடையாது. ஒருவர் முப்பது ஆண்டு அனுபவம் உடையவராயினும், 'பாதை காலிதான், எனக்குத் தெரியும்' என்று தாமே வண்டியை விட்டுவிட முடியாது. மற்றவர் சொல்லையும் கேட்டாக வேண்டும். இதை ஐயப்பாடு என்று எவரும் வருந்துவதில்லை. வண்டியில் இருக்கும் உயிர்களுக்கு நாம் தரும் மதிப்பு அது.

வரைபடமே தவறாயின்

கைவேலை சிறந்திருந்தும் வரைபடம் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி மிஞே என்பவர், 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்று செல்லப் பெயரிட்ட குட்டி விமானம் ஒன்றை 1933 இல் பறக்கவிட்டு, அதைக் கட்டும் முறையை 1934 இல் நூலாக வெளியிட்டார். ஆணியடித்துப் பெட்டி செய்யத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்பது அவர் கொள்கை. 1935 இல் அவரே அதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டவே, பிரான்சிலும் இங்கிலாந்திலும் வீட்டுக்கு வீடு தெள்ளுப்பூச்சி கட்டும் மோகம் பிடித்துக் கொண்டது.

மோகம் நெடுநாள் நிற்கவில்லை. தலை கீழ்நோக்கிப் பாய்ந்த சில விமானங்கள் மீண்டும் நிமிராமலே தரையில் மோதின. ஓட்டியவர்கள் மாண்டார்கள். 1936 இல் முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக நெருங்கி இருந்ததால், விமானம் ஓர் அளவுக்கு மேல் தலை குனிந்துவிட்டால், ஓட்டுபவர் கோலை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது என்று தெரிய வந்தது. அவ்விமானம் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. மாண்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். நூலில் கண்டபடியே உண்மையாக உழைத்தவர்கள். மிஞேயும் வஞ்சகர் அல்லர். தாம் கட்டியதில் தாமே பறந்தவர். ஆயினும், ஒருவர் ஆர்வத்தை மட்டும் நம்பிப் பலர் உயிரை ஒப்படைத்த பிழை அங்கே நேர்ந்தது. பிற்காலத்தில் மிஞே தம் அமைப்பைத் திருத்திக் கொண்டார் என்பதும் உண்மை.

எனவே, வரைபடம் வாங்குவோர் பலர் கட்டிப் பல்லாண்டு பறந்து பழகிய வரைபடத்தையே வாங்க வேண்டும். வாங்கியபின் அதில் ஓர் அங்குலமும் தம் மனம் போல் மாற்றலாகாது.

நம் நாட்டு முயற்சிகள்

இந்தியாவிலும் இம்முயற்சி அற்றுப் போகவில்லை. கேரளத்தில் தொடுபுழைக்கு அருகிலுள்ள தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அற்றவர். ஏழாம் வகுப்பு வரையே படித்தவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதில் கண்டதே அவர் ஆசைக்கு வித்தாயிற்று. பழைய பொருள்களையும் சேர்த்துப் பல ஆண்டுகள் உழைத்து, இருவர் அமரும் இலேசு விமானம் ஒன்றைக் கட்டினார். 2014 ஆம் ஆண்டில் அது பறந்தது எங்கே தெரியுமா? நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாற்றில். விமானப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் அங்கே வைத்திருந்த ஓடுதளத்தில், அவருடைய அனுபவக் கண்ணின் கீழ் அது சோதிக்கப்பட்டது. சஜி தாமஸின் விடாமுயற்சியைப் பாராட்டுவோர், தம் வேலையைத் தேர்ந்த ஒருவரிடம் அவர் காட்டினார் என்பதையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரத்தக்க விமானத்தைக் கட்டினார். அது துணி விமானம் அன்று, உலோகத்தால் ஆனது. 2016 இல் மும்பையில் நடந்த பெருங் கண்காட்சியில் மக்கள் அதைக் கண்டு வியந்தார்கள். அரசாங்கப் பதிவு கிடைத்தது 2017 இல்தான். மரத்தையும் உலோகத்தையும் வெல்லப் பொறுமை வேண்டியிருப்பது போலவே, விதிகளுக்கு உட்பட்டு நடக்கவும் நம் நாட்டில் பொறுமை வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் இன்றி எவ்விமானமும் பறக்கலாகாது. கட்டத் தொடங்குமுன்னரே அவ்விதிகளைக் கேட்டறிவது அறிவுடைமை.

நம் தீவுகளில் என்ன செய்யலாம்?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் ஓடுதளம் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. சிப்பூரிலும் காம்ப்பெல் விரிகுடாவிலும் உள்ளவை கடற்படையுடையவை. கார் நிக்கோபாரில் உள்ளது விமானப் படையுடையது. மற்றப்படி காடும் கடலுமே. இயந்திரம் நின்றால் இறங்குவதற்கு வயல்வெளி கிடையாது. ஆகவே, வீட்டில் கட்டிய விமானத்தை இத்தீவுகளின் மேல் பறக்கவிடலாம் என்று எவரும் கனவு காண வேண்டாம். அது பறக்க வேண்டிய இடம் தாய்நாட்டுப் பெருநிலத்தின் பயிற்சித் தளங்களே.

பறப்பது அங்கே என்றாலும், கற்பதை இங்கேயே தொடங்கலாம். விமானத்தின் பெருஞ்செலவு இயந்திரத்தில், விலாவில் அன்று. ஓர் அச்சுப் பலகை, சில மரச் சிம்புகள், ஒட்டுப்பலகைத் துண்டுகள், நல்ல பசை — இவை இருந்தால் பள்ளி மாணவர் நால்வர் கூடி ஒரு விடுமுறையில் ஒரு விலா செய்துவிடலாம். பின்னர் அதை இரு முனையிலும் தாங்கி, நடுவில் மணல் பைகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு எடையில் உடைகிறது என்று பார்க்கலாம். எங்கே உடைந்தது, மரமா, பசையா, ஏன் என்று அவர்கள் குறித்து வைக்கட்டும். இரண்டாவது விலா முதலாவதைவிட உறுதியாக இருக்கும். கணக்குப் புத்தகத்தில் விசையென்றும் எடையென்றும் மனப்பாடம் செய்ததெல்லாம் அன்று அவர்கள் கைக்குள் வந்து சேரும்.

இங்கே பெற்றோருக்கும் ஒரு சொல். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நாம், பிள்ளைகள் ஒரு நிலையான வேலையில் அமர்ந்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. மரச் சிம்பும் பசையுமாகப் பையன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் நமக்குச் சினம் வரும். பெண் பிள்ளை உட்கார்ந்தால் இன்னும் வியப்பு வரும். தடுக்க வேண்டாம். 'நீ ஒட்டியதை யாரிடம் காட்டினாய்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள். டுங்கி கட்டும் ஆசாரி, வலை முடியும் மீனவர், தையல் அறிந்த தாய், பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் — இவர்களுள் ஒருவராவது அந்த வேலையைத் திருப்பிப் பார்த்து, 'இந்த இடம் சரியில்லை, பிரித்து மறுபடி செய்' என்று சொல்லட்டும். அச்சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காமல் பிரிக்கக் கற்றுக் கொண்ட பிள்ளை, பிற்காலத்தில் விமானம் கட்டினாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, நோயாளிக்கு மருந்து கலந்தாலும் சரி, பிறர் உயிர் அவனிடமோ அவளிடமோ பத்திரமாக இருக்கும்.

நம் சங்கத்து இளைஞர்களுள் நாலைந்து பேர் முன்வந்து, வருகிற கோடை விடுமுறையில் ஒரே ஒரு விலா செய்து, அதைத் துணி போர்த்தாமலே சங்கக் கூடத்தில் வைப்பார்களாக. பெரியோர் அனைவரும் வந்து, கண்ணாடியை மாட்டிக் கொண்டு, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக் குறை சொல்வோம்.